அக்சஸ் தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளில் நான் பார்த்துக் கொடுக்கும் கணினிகளில், கணக்குக்கு ஒரு மென்பொருளும், டிசைன் படங்களுக்கு யாரோ ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்பு ஒன்றும் தவறாமல் இருக்கும். சுங்குடிச் சேலையை மொத்தமாக விற்கும் கடை என்றால் ஒரு சேலைக்கு உடல், கரை, முந்தி என்று மூன்று படங்களாவது எடுப்பார்கள். கையால் முடிச்சுப் போட்ட புள்ளியா, அச்சடித்த புள்ளியா என்பதை வெளியூர் வியாபாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார் என்பதால், படங்களைச் சிறியதாக எடுக்கவும் முடியாது. இப்படி இரண்டு சித்திரைத் திருவிழாவும் இரண்டு தீபாவளியும் கடந்தால் படங்கள் சில ஆயிரத்தைத் தாண்டிவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்கும்.

கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகச் செல்லலாம். எதைத் தொடுவதற்கு முன்பும் மூன்று வேலைகளை மட்டும் செய்துவிடுங்கள். முதலில் எல்லாக் கணினிகளிலும் அக்சஸை மூடச் சொல்லுங்கள். அடுத்து, தரவுத்தளக் கோப்பின் பக்கத்தில் அதே பெயரில் சிறிய பூட்டுக் கோப்பு ஒன்று இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு கணினி பாதியில் அணைந்திருக்கிறது. கடைசியாக, கோப்பை வேறொரு வட்டில் நகலெடுத்து, அதன் அளவை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எது குறைந்தது, எது கூடியது என்று சொல்ல அந்த எண் வேண்டும்.

கோப்பு நாளுக்கு நாள் வீங்குகிறது. சேர்த்த படங்களோ கொஞ்சம்தான்

அட்டவணையை வடிவமைப்புப் பார்வையில் திறந்து, படம் வைத்திருக்கும் புலத்தின் தரவு வகையைப் பாருங்கள். அங்கே ‘ஓ.எல்.இ. ஆப்ஜெக்ட்’ (வேறொரு நிரலின் கோப்பை உள்ளே பதித்து வைக்கும் பழைய விண்டோஸ் முறை) என்று இருந்தால் நோய் அதுதான். இந்த வகைப் புலத்தில் ஒரு ஜேபெக் படத்தைச் செருகும்போது, அந்தக் கணினியில் படங்களுக்கென்று எந்த நிரல் பதிவாகியிருக்கிறதோ அதைப் பொறுத்து, படத்தின் சுருக்கப்படாத பிட்மேப் வடிவமும் சேர்ந்தே உள்ளே போய்ச் சேர்கிறது.

கணக்குப் போட்டால் விளங்கும். 4000க்கு 3000 புள்ளி அளவுள்ள கைப்பேசிப் படம் ஜேபெக் கோப்பாக ஏறக்குறைய 4 எம்பி இருக்கும். அதையே பிட்மேப்பாக விரித்தால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட்டுகள், ஆக 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள். அக்சஸ் கோப்பு ஒன்றின் உச்ச அளவு 2 ஜிபி. அந்த இடத்தில் இப்படிப்பட்ட படம் 60 கூடக் கொள்ளாது. கடைக்காரர் ‘நூறு படம்கூடப் போடலியே’ என்று சொல்லும்போது அவர் சொல்வது உண்மைதான். கோப்பு நிறைந்துவிட்டது என்பதும் உண்மைதான்.

செருகும்போது ‘லிங்க்’ என்ற பெட்டியைத் தேர்ந்தால் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இணைப்பு மட்டும் வைத்தாலும் முன்னோட்டத்துக்கான படத்தை ஓ.எல்.இ. தன்னோடு சேமித்துக்கொள்வதால் வீக்கம் நிற்பதில்லை.

2007 பதிப்பில் வந்த ‘அட்டாச்மென்ட்’ வகைப் புலம் இந்த ஒரு விஷயத்தில் நல்லது. ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக்கை அது விரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் 4 எம்பி படங்கள் 500 சேர்ந்தாலே 2 ஜிபி ஆகிவிடும். சுங்குடிக் கடைக்கு அது இருநூறு சேலைகூட இல்லை. வீட்டு நூலகத்தின் அட்டைப் படங்களுக்கு அட்டாச்மென்ட் போதும், வியாபாரத்துக்குப் போதாது என்பதே என் முடிவு.

ஆகவே மாற்று ஒன்றுதான். படங்கள் வட்டில் ஒரு கோப்புறையில் இருக்கட்டும். தரவுத்தளத்தில் படத்தின் கோப்புப் பெயர் மட்டும் ‘ஷார்ட் டெக்ஸ்ட்’ புலத்தில் இருக்கட்டும். படிவத்தில் ‘இமேஜ்’ கட்டுப்பாடு ஒன்றை வைத்து, அதன் ‘கன்ட்ரோல் சோர்ஸ்’ பண்பில் பாதையையும் பெயரையும் சேர்த்துத் தரும் கோவையைக் கொடுத்தால், 2007 முதலான பதிப்புகளில் நிரல்வரி எதுவும் எழுதாமலே படம் தெரியும். பெயர்ப் புலத்தை ‘ஹைப்பர்லிங்க்’ வகையாக வைத்துவிடாதீர்கள்; அது பாதையின் இருபுறமும் தன் குறியீடுகளைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் படம் வராது.

‘இன்வாலிட் ஆர்க்யுமென்ட்’ என்று சொல்லிச் சேமிக்க மறுக்கிறது

இந்தச் செய்தியைப் பார்த்தவுடன் நிரல்வரியில் பிழை தேடுவார்கள். அதற்கு முன் கோப்பின் அளவைப் பாருங்கள். 2 ஜிபியை நெருங்கியிருந்தால் அக்சஸ் அதைச் சொல்லத் தெரியாமல் சொல்லும் வாசகம் இதுதான். பதிவுகளை அழித்தாலும் அளவு குறையாது. அழித்த இடம் ‘காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்’ செய்யும் வரை வட்டுக்குத் திரும்புவதில்லை.

காம்பேக்ட் செய்யும்போது அக்சஸ் புதிய கோப்பு ஒன்றை எழுதி, முடிந்தபின் பழையதன் இடத்தில் வைக்கிறது. எனவே வட்டில் குறைந்தது அந்தக் கோப்பின் அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும்; வேறு யாரும் கோப்பைத் திறந்திருக்கவும் கூடாது. அப்படியும் முடியாவிட்டால் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அட்டவணைகளை ஒவ்வொன்றாக அதில் இறக்குமதி செய்யுங்கள். படங்கள் உள்ள அட்டவணையைக் கடைசியில் வைத்துக்கொண்டால், அது படுத்தினாலும் சரக்கு, விலை, வாடிக்கையாளர் விவரங்கள் அதற்குள் பத்திரமாகியிருக்கும்.

உள்ளே மாட்டிக்கொண்ட படங்களை வெளியே எடுப்பது தனி வேலை. அட்டாச்மென்ட் புலம் என்றால் அதன் ‘சேவ் டு ஃபைல்’ செயல்முறையை ஒரு சுழற்சியில் இயக்கினால் எல்லாப் படங்களும் கோப்புறையில் வந்து விழும். ஓ.எல்.இ. புலத்தில் அவ்வளவு எளிதில்லை. படத்தின் பைட்டுகளுக்கு முன்னால் ஓ.எல்.இ. தலைப்பு ஒட்டிக்கொண்டிருப்பதால், புலத்தின் உள்ளடக்கத்தை அப்படியே கோப்பாக எழுதினால் எந்த நிரலும் அதைத் திறக்காது. ஜேபெக் படம் எப்போதும் பதினாறடிமான எண்ணில் எஃப்.எஃப்., டி8 என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்கும். அந்த இணை எங்கே வருகிறது என்று தேடி, அதற்கு முன்னால் உள்ளதை வெட்டிவிட்டு எழுத வேண்டும். உள்ளே பிட்மேப் மட்டுமே இருந்தால் அந்த இணை கிடைக்காது. மூலப் படம் கைப்பேசியிலோ பழைய மெமரி கார்டிலோ இருக்கிறதா என்று தேடுவதே அப்போது வேகமான வழி.

படத்துக்குப் பதிலாக ஒரு சின்னமும் கோப்புப் பெயரும் தெரிகின்றன

இதுவும் ஓ.எல்.இ. புலத்தின் குணமே. செருகிய கணினியில் ஜேபெக்குக்கென்று ஓ.எல்.இ. தெரிந்த நிரல் பதிவாகவில்லை என்றால், படம் ‘பேக்கேஜ்’ என்ற பொட்டலமாக உள்ளே போகும். பொட்டலத்துக்குள் ஜேபெக் பழுதில்லாமல் இருக்கும் என்பதால் மேலே சொன்ன முறையில் எடுத்துவிடலாம். மேலே சொன்ன பிட்மேப்பை விட இது நல்ல நிலைமை.

முதலாளியின் கணினியில் தெரிகிற படம் கவுன்டர் கணினியில் தெரியவில்லை

படங்களைக் கோப்புறைக்கு மாற்றிய பிறகு வரும் முதல் புகார் இதுதான். ஒரு கடையில் கணினியை மேல்மாடிக்கு மாற்றிய மறுநாள் காலையிலேயே அழைத்தார்கள். ‘படம் பூராம் எங்கப்பா போச்சு? நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சே’ என்று பெரியவர் பதறினார். ‘படம் எங்கயும் போகலண்ணே, பாதைதான் மாறிருச்சு’ என்று நான் சொன்னது அவருக்கு ஆறுதலாக இல்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு பதிவிலும் டி வட்டில் தொடங்கும் முழுப் பாதையும் எழுதப்பட்டிருந்தது. டி வட்டு என்பது எந்தக் கணினியில் அமர்ந்து பார்க்கிறோமோ அந்தக் கணினியின் டி வட்டையே குறிக்கும். பிணைய வட்டுக்கு இசட் என்று எழுத்துக் கொடுத்தாலும் ஒரு கணினியில் அது இசட்டாகவும் இன்னொன்றில் ஒய்யாகவும் இருந்துவிட்டால் அதே கதைதான்.

பதிவுகளில் கோப்புப் பெயரை மட்டும் வையுங்கள். அடிப்படைக் கோப்புறையின் பாதையை அமைப்புகளுக்கென்ற தனி அட்டவணையில், ஒரே ஒரு வரியாக, இரட்டைச் சாய்கோடும் சர்வர் கணினியின் பெயரும் பகிர்ந்த கோப்புறையின் பெயருமாக எழுதி வைத்துவிட்டால், நாளைக்குக் கணினியை எங்கே தூக்கி வைத்தாலும் மாற்ற வேண்டியது அந்த ஒரு வரிதான். தரவுத்தளத்தைப் படிவங்கள் உள்ள முன்பக்கம், அட்டவணைகள் உள்ள பின்பக்கம் என்று இரண்டாகப் பிரித்திருந்தால் ‘கரன்ட் ப்ராஜெக்ட்’டின் பாதையை நம்பாதீர்கள், அது அந்தந்தக் கணினியில் இருக்கும் முன்பக்கக் கோப்பின் இடத்தைத்தான் தரும். விண்டோஸில் முழுப் பாதையின் வழக்கமான எல்லை 260 எழுத்து என்பதையும் மறக்காமல், கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழம் போகாதீர்கள்.

பெயர் சரியாகவே இருக்கிறது. அந்த ஒரு படம் மட்டும் வரவில்லை

தமிழில் கோப்புப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு வருகிற சிக்கல் இது. கோபுரக் கரை போட்ட சேலைகளின் படங்களுக்கு ‘கோபுரம்’ என்று தொடங்கும் பெயர் வைத்திருந்த ஒரு கடையில், அட்டவணையிலும் கோப்புறையிலும் பெயர் ஒன்றாகவே தெரிந்தும் சில படங்கள் வரவில்லை. ஒரு வினவலில் ‘லென்’ சார்பை வைத்து எழுத்துகளை எண்ணச் சொன்னபோது ஒரு ‘கோபுரம்’ 7 என்றும் இன்னொரு ‘கோபுரம்’ 8 என்றும் வந்தது.

யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்.டி.எஃப்.எஸ். உள்ள வட்டோ அவற்றை இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரே கோப்புறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூட அனுமதிக்கும். தட்டச்சு மென்பொருள் மாறினாலோ, படங்கள் ஆப்பிள் கணினி வழியாக வந்தாலோ இப்படி நேரலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று அறிய அக்சஸின் நிரல் மொழியான வி.பி.ஏ.வில் எல்லாரும் எழுதும் ‘டிர்’ சார்பு யூனிகோடு அறியாதது. தமிழ்ப் பெயர்கள் அதில் வெறும் கேள்விக்குறிகளாக வரும். ‘யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி’யை மாற்றிப் பார்க்கலாம் என்றால், தமிழுக்கு விண்டோஸில் பழைய முறைக் குறியீட்டுப் பக்கமே கிடையாது. ‘ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்’ வழியாகப் படித்தால் பெயர்கள் ஒழுங்காக வரும். அக்சஸ் அட்டவணைகள் 2000 பதிப்பிலிருந்தே யூனிகோடை ஏற்பவை என்பதால், அவற்றுக்குள் தமிழ் பத்திரமாகவே இருக்கும். சிக்கல் நிரல்வரியிலும் கோப்புப் பெயரிலும்தான்.

தமிழ் மேல் எனக்கு உள்ள பற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன்: சேலையின் பெயர், நிறம், கரை எல்லாவற்றையும் அட்டவணையில் அழகான தமிழில் எழுதுங்கள், கோப்புப் பெயருக்கு மட்டும் ஆறு இலக்க எண்ணை வையுங்கள். டிசைன் எண்ணையே கோப்புப் பெயராக வைக்க நினைத்தால், அதில் சாய்கோடு இருந்தால் விண்டோஸ் ஏற்காது. பழைய பில் புத்தகப் பழக்கத்தில் 12/45 என்று டிசைன் எண் போடும் கடைகளில் ‘சேமிக்க முடியவில்லை’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சாய்கோடுதான்.

எல்லா வரிகளிலும் ஒரே படம்

பல பதிவுகளை வரிவரியாகக் காட்டும் தொடர் படிவத்தில் நிரல்வரி மூலம் ‘பிக்சர்’ பண்பை மாற்றினால் இப்படித்தான் நேரும். அந்தப் பண்பு எல்லா வரிகளுக்கும் பொதுவானது. கன்ட்ரோல் சோர்ஸ் வழியாகக் கட்டினால் வரிக்கு ஒரு படம் வரும்.

படிவம் திறக்கவே நிமிடக் கணக்கில் ஆகிறது. அறிக்கை ‘நினைவகம் போதவில்லை’ என்கிறது

ஒரு திரையில் 20 சேலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 4 எம்பி என்றால் பிணையத்தின் வழியே 80 எம்பி வர வேண்டும். பல கடைகளில் இன்னும் இருக்கும் 100 மெகாபிட் சுவிட்ச், எல்லாம் நன்றாக இருந்தாலே விநாடிக்கு 12.5 எம்பிதான் தரும். அதாவது ஒவ்வொரு முறை திரையை நகர்த்தும்போதும் ஆறேழு விநாடி காத்திருக்க வேண்டும். இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பார்த்தால் அது இரட்டிப்பாகும். வந்து சேர்ந்த பிறகும் திரையில் காட்ட ஒவ்வொரு படத்தையும் நினைவகத்தில் விரித்தாக வேண்டும். முன்பு பார்த்த அதே 3 கோடியே 60 லட்சம் பைட்டு இங்கே மீண்டும் வருகிறது. குறைந்த நினைவகத்தையே கையாளக்கூடிய 32 பிட் அக்சஸில் நூறு படங்கள் உள்ள அறிக்கை பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு படத்துக்கும் நீளவாட்டில் 300 புள்ளி அளவில் ஒரு சிறுபடம் செய்து, அதே எண்ணில் வேறொரு கோப்புறையில் வையுங்கள். பட்டியலும் அறிக்கையும் சிறுபடத்தையே காட்டட்டும். புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்பும் வியாபாரிக்கு மட்டும், சொடுக்கியவுடன் பெரிய படம் திறக்கட்டும்.

கோப்புறை ஒன்றில் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்ற கேள்விக்கு, என்.டி.எஃப்.எஸ். வட்டு லட்சக்கணக்கில் தாங்கும் என்றாலும், அந்தக் கோப்புறையைத் திறந்து பார்க்கும் மனிதர் தாங்கமாட்டார் என்பதே பதில். ஆயிரத்துக்கு ஒரு கோப்புறை என்று எண்ணின் முதல் மூன்று இலக்கத்தை வைத்துப் பிரித்தால் போதும். பழைய பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் அங்கே ஒரு கோப்புறைக்கு 65,534 இடங்கள்தான். நீளமான பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைப் பிடிக்கும்.

படங்கள் தரவுத்தளத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. எஸ்.க்யூ.லைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளில் சில பத்து கேபி அளவுள்ள சிறுபடங்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் படிப்பதைவிடத் தரவுத்தளத்திலிருந்து படிப்பது வேகமாகவே இருக்கும். ஆனால் அது ஒரு கணினிக்கு உரியது, பிணையக் கோப்புறையில் வைத்துப் பலரும் எழுதுவதற்கு ஏற்றதன்று. மைக்ரோசாஃப்ட்டின் இலவசத் தரவுத்தளமான எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் பலரைத் தாங்கும். 2022 பதிப்பு வரை தரவுத்தளம் ஒன்றுக்கு 10 ஜிபி என்பது அதன் எல்லை.

படம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது, அல்லது வெற்றுக் கட்டமாக வருகிறது

கைப்பேசி படத்தைத் திருப்பாமல், ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் படக் கோப்போடு சேர்ந்திருக்கும் எக்சிஃப் தகவலில் எழுதி வைக்கிறது. அக்சஸ் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. சேர்ப்பதற்கு முன்பே ஏதேனும் ஒரு பட நிரலில் உண்மையாகத் திருப்பிச் சேமித்துவிடுங்கள். வெற்றுக் கட்டம் என்றால் கோப்பு ஐஃபோனின் ஹெய்க் வகையா என்று பாருங்கள். ஜேபெக்காக மாற்றினால் தெரியும்.

மின்சாரம் போய் வந்ததும் ‘தரவுத்தள வடிவம் அடையாளம் தெரியவில்லை’ என்கிறது

யு.பி.எஸ். இருக்கிறதே, பிறகு எப்படிக் கெடுகிறது என்று ஒரு கடையில் மூன்று மாதம் தலையைச் சொறிந்தேன். பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாள்களில்தான் கோப்பு கெட்டது. கணினிகள் மூன்றும் யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருக்க, பரணில் சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்த பிணைய சுவிட்ச் மட்டும் சாதாரணப் பிளக்கில் மாட்டியிருந்தது. மின்சாரம் போன நொடியில் கணினிகள் உயிரோடு இருந்தும், பாதி எழுதிய பக்கத்தோடு கோப்பின் தொடர்பு அறுந்தது. சுவிட்சையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டிய பிறகு அந்தப் புகார் வரவில்லை.

இதே காரணத்தால் வைஃபை வழியாக அக்சஸ் பின்பக்கக் கோப்பைத் திறப்பதையும், ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையில் அதை வைப்பதையும் தவிர்க்க வேண்டும். கெட்ட கோப்பை நேரடியாகப் பழுது பார்க்காமல் நகலில் பாருங்கள். பழுது நீக்கும் கருவி தனக்குப் புரியாத பதிவுகளைத் தூக்கி எறிந்துவிடுவது உண்டு.

பதிவு 4,000, படம் 4,100, அல்லது நேர்மாறாக

படம் வெளியே இருப்பதால் வரும் விலை இது. பதிவை அழித்தால் படம் அநாதையாக நிற்கும். கோப்புறையில் யாராவது ‘இடம் அடைக்கிறது’ என்று படத்தை அழித்தால் பதிவு அநாதையாகும். படக் கோப்புறையில் அழிக்கும் உரிமையைக் கடைப் பையன்களின் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, வாரம் ஒரு முறை கோப்புறைப் பட்டியலை ஒரு தற்காலிக அட்டவணையில் ஏற்றி, இருபுறமும் பொருந்தாதவற்றைக் காட்டும் இரண்டு வினவல்களை ஓட்டுங்கள். அநாதைப் படங்களை உடனே அழிக்காமல் தனிக் கோப்புறைக்கு மாற்றி ஒரு மாதம் வையுங்கள்.

சேர்க்கும்போது முதலில் படத்தைக் கோப்புறையில் எழுதிவிட்டு, அது வெற்றியான பிறகே பதிவைச் சேமிக்கும்படி படிவத்தை அமையுங்கள். காப்பு நகல் எடுக்கும்போது வரிசை இதற்குத் தலைகீழ்: முதலில் தரவுத்தளக் கோப்பு, பிறகு படக் கோப்புறை. அப்படி எடுத்தால், இடையில் யாராவது புதுச் சேலை சேர்த்திருந்தாலும், நகலில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் படம் இருக்கும். மிஞ்சிப்போனால் பதிவில்லாத படம் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும், அவற்றை அடுத்த வாரத்து வினவல் பிடித்துவிடும்.